பள்ளி நர்ஸும் தலைமைப் பொறுப்பும்: டர்பன் பகுதித் தமிழ் சிஸ்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் பள்ளிகளுக்குப் போய்வரும் நம் சிஸ்டர்கள் ஊசி போடுவதைப் பற்றியோ காயம் கட்டுவதைப் பற்றியோ கேள்வி கேட்பதில்லை. அது அவர்களுக்குக் கைவந்த வேலை. பிரின்ஸிபலை எப்படி இணங்க வைப்பது, மூத்த உதவியாளரிடம் எப்படிச் சொல்வது, கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் இத்தனை வருட வேலையில் எனக்குப் பட்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் மேனேஜர் இல்லை, சாதாரண பள்ளி நர்ஸ். எனக்குத் தலைமைத் திறன் எதற்கு?

பதவி இல்லாததால்தான் உங்களுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. வார்டில் உங்களுக்கு மேலே ஆபரேஷனல் மேனேஜர் இருப்பார், கூப்பிட்டால் டாக்டர் வருவார், எல்லாரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் மருத்துவம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆசிரியர் வகுப்பை விட்டுக் கொடுத்தால்தான் கண் பரிசோதனை நடக்கும். பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தான் தடுப்பூசி போடலாம். கிளினிக் தேதி கொடுத்தால்தான் சிகிச்சை தொடங்கும். இவர்களில் யாருக்கும் நீங்கள் உத்தரவு போட முடியாது. இத்தனை பேரையும் ஒரு பிள்ளைக்காக ஒன்றுசேர்ப்பதுதான் பள்ளி நர்ஸின் தலைமை.

இந்த வேலை பிறந்ததே அப்படித்தான். 1902 அக்டோபரில் நியூயார்க்கில் லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பும் டாக்டர்கள் பள்ளிகளுக்கு வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கண்நோய், பேன், படர்தாமரை இருந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் சிகிச்சை கிடைக்காது, பிள்ளை வாரக்கணக்கில் பள்ளிக்கு வராது. ரோஜர்ஸ் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடு தேடிப் போய்த் தாய்மாருக்குக் கற்றுக் கொடுத்தார், எல்லாவற்றையும் குறித்து வைத்தார். வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது. அதைக் கண்ட நகர நிர்வாகம் இன்னும் பல நர்ஸுகளை வேலைக்கு எடுத்தது. கையில் அதிகாரம் எதுவுமில்லாத ஒரு நர்ஸ், வேலையின் பலனைக் காட்டியே ஒரு நிர்வாகத்தை நகர்த்தினார்.

தென்னாப்பிரிக்காவில் பள்ளி நர்ஸ் யாருடைய ஆள்?

இதில் இரண்டு வகை உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்து நிர்வாகமும் மாறும் என்பதால் முதலிலேயே தெளிவாக இருங்கள்.

முதல் வகை, சுகாதாரத் துறையின் பள்ளி சுகாதாரக் குழு. 2012இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளி சுகாதாரத் திட்டத்தின் கீழ் இந்தக் குழுக்கள் இயங்குகின்றன. சுகாதாரம், அடிப்படைக் கல்வி, சமூக மேம்பாடு ஆகிய மூன்று துறைகள் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. ஒரு குழு பல பள்ளிகளைப் பார்க்க வேண்டும், மிக வறிய பகுதிப் பள்ளிகளுக்கு முன்னுரிமை. பள்ளி உங்களுக்குச் சம்பளம் தருவதில்லை. அங்கே நீங்கள் விருந்தாளி.

இரண்டாவது வகை, பள்ளியே நியமித்த நர்ஸ். தனியார் பள்ளிகளிலும், விடுதி உள்ள பள்ளிகளிலும், கவர்னிங் பாடி (பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி நிர்வாகக் குழு) தன் பணத்தில் ஆள் வைக்கும் அரசுப் பள்ளிகளிலும் இப்படி இருப்பார்கள். இங்கே உங்கள் மேலதிகாரி மருத்துவம் அறியாதவர். எது நர்ஸ் வேலை, எது இல்லை என்பதை அவருக்கு எழுத்தில் சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு. சொல்லாமல் விட்டால் போட்டோகாப்பி எடுப்பதும் வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் தலையில் விழும்.

எந்த வகையானாலும் நர்ஸிங் கவுன்சிலில் உங்கள் பதிவும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழும், 2005ஆம் ஆண்டு நர்ஸிங் சட்டமும் உங்களைக் கட்டுப்படுத்தும். பிரின்ஸிபல் சொன்னார் என்பதற்காக உங்கள் தகுதி எல்லையைத் தாண்டினால் கவுன்சில் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான், அவர் அல்ல.

பிரின்ஸிபல் எனக்கு நேரமே ஒதுக்குவதில்லை. போனாலே 'இன்னிக்கு டெஸ்ட் இருக்கு' என்கிறார். என்ன செய்ய?

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். பாடம் முடிக்க வேண்டும், மாவட்ட அதிகாரி வருவார், மார்க் பட்டியல் போக வேண்டும். நீங்கள் ஒரு கூலர் பாக்ஸும் பட்டியலுமாக வாசலில் நிற்கும்போது அவர் கண்ணுக்கு அது பாட நேரத்தைத் தின்ன வந்த இன்னொரு திட்டம்.

அதனால் தேதி கேட்பதை ஆண்டின் கடைசியிலேயே செய்யுங்கள். நம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அடுத்த ஆண்டின் காலண்டரைப் பள்ளிகள் நான்காம் டெர்மிலேயே போட்டுவிடுகின்றன. அப்போது உங்கள் தேதிகளும் அதில் ஏறிவிட வேண்டும். தேர்வு வாரம், விளையாட்டுப் போட்டி, ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஆகியவற்றைத் தவிர்த்த தேதிகளை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள். மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழா வரும் பெரிய வெள்ளியை ஒட்டி நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வரமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். 'எப்போது வரலாம்?' என்று கேட்டால் பதில் தள்ளிப்போகும். 'இந்த மூன்று தேதிகளில் எது வசதி?' என்று கேட்டால் ஒன்று கிடைக்கும்.

அடுத்தது, அவருக்குக் கவலை தரும் விஷயத்தில் உங்கள் வேலை எங்கே உதவுகிறது என்று காட்டுவது. கிரேடு 1இல் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் பட்டியல் ஆசிரியரிடம் இருக்கும். உங்கள் கண், காது பரிசோதனையை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். ஆறு மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையைப் பார்க்க முடியாத பிள்ளைக்குக் கரும்பலகையும் தெரியாது. 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி போட்டபின் வாசிப்பு வந்தால், அடுத்த முறை அந்த ஆசிரியரே உங்களுக்காகப் பேசுவார். நான் பார்த்தவரை பிரின்ஸிபல்களின் மனத்தை மாற்றியது சுற்றறிக்கை அல்ல, இந்த மாதிரி ஒரு பிள்ளைதான்.

இன்னொன்று, சொன்ன நேரத்தில் போங்கள். வண்டி இல்லை, வர முடியாது என்றால் முதல் நாளே போன் செய்யுங்கள். ஹாலைக் காலி செய்து வைத்துக் காத்திருந்த பள்ளி அடுத்த முறை காலி செய்யாது.

வந்தேன், பார்த்தேன், ரெஃபரல் எழுதிக் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்ததுதானே?

முடியவில்லை. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். பள்ளி சுகாதார வேலையில் பெரும்பாலான உழைப்பு வீணாவது பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையிலான தூரத்தில். பரிந்துரைச் சீட்டு ஸ்கூல் பேக்கின் அடியில் கசங்கிக் கிடக்கும். தாய் வேலைக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போகும். ஆயாவால் (பாட்டியால்) இரண்டு டாக்ஸி மாறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. கண் பிரிவில் தேதி மாதங்கள் தள்ளிக் கிடைக்கும். இதற்குள் ஆண்டு முடிந்து பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும், புதிய ஆசிரியருக்கு எதுவும் தெரியாது.

இதைச் சரிசெய்வதுதான் நிர்வாகத் திறன். ஒரு சாதாரண நோட்டு போதும்: பிள்ளை, வகுப்பு, என்ன குறை, எங்கே அனுப்பினோம், தேதி கிடைத்ததா, போனார்களா, சிகிச்சை கிடைத்ததா. கடைசி மூன்று நெடுவரிசைகள்தான் முக்கியம். மாதம் ஒருமுறை அவற்றில் காலியாக இருக்கும் கட்டங்களை மட்டும் பாருங்கள். எங்கே தேங்குகிறது என்பது தெரிந்துவிடும். தேதி கிடைக்காமல் தேங்கினால் கிளினிக் மேனேஜரிடம் பேச வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மாதத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். தேதி கிடைத்தும் போகாமல் தேங்கினால் பிரச்சினை வீட்டில். அங்கே சமுதாய சுகாதாரப் பணியாளர் உதவுவார். வார்டு வாரியாக வீடு வீடாகப் போகும் குழுக்கள் இந்த நாட்டில் இருப்பதே இதற்காகத்தான். பள்ளிக்குள்ளேயே ஆதரவுக் குழு இருக்கிறது. கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளை அடையாளம் கண்டு உதவுவதற்கான 2014ஆம் ஆண்டுக் கொள்கை அந்தக் குழுவை நம்பித்தான் எழுதப்பட்டது. அதன் கூட்டத்துக்கு உங்கள் நோட்டோடு போங்கள்.

ஆண்டு அறிக்கையில் 'இத்தனை பிள்ளைகளைப் பரிசோதித்தோம்' என்று எழுதுவது எளிது. 'அனுப்பியவர்களில் இத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைத்தது' என்று எழுதுங்கள். அந்த எண் சின்னதாக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். மேலே இருப்பவர்களிடம் ஆள் கேட்கவும் வண்டி கேட்கவும் உங்களுக்கு வேறு எந்த ஆதாரமும் இதற்கு ஈடாகாது.

என் குழுவில் இருக்கும் உதவி நர்ஸ் என்னைவிட வயதில் மூத்தவர். அவரிடம் எப்படி வேலை சொல்வது?

நம் வளர்ப்பு இதில் குறுக்கே வரும். அம்மா வயதுள்ளவரிடம் 'இதைச் செய்யுங்கள்' என்று சொல்ல நாக்கு எழாது, கடைசியில் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டு முதுகு வலியோடு வீட்டுக்குப் போவோம். மரியாதை வேறு, பொறுப்பைப் பகிர்வது வேறு. இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும்.

அவர் தமிழரானால் அக்கா என்று கூப்பிடுங்கள், ஜூலுக்காரரானால் மா என்று கூப்பிடுங்கள். ஆனால் வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'அக்கா, கிரேடு 1 முழுக்க உயரம், எடை நீங்க பாத்துக்கோங்க. பத்தரைக்கு முடிஞ்சா நல்லா இருக்கும். எடை ரொம்பக் குறைவா யாராவது இருந்தா உடனே எங்கிட்ட அனுப்புங்க' என்றால் அதில் என்ன வேலை, எப்போதைக்குள், எந்த இடத்தில் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று மூன்றும் வந்துவிடுகின்றன. யாருக்கும் மனம் புண்படாது.

ஒன்றை மறக்காதீர்கள். ஒரு வேலையை அவர் தகுதிக்கும் பயிற்சிக்கும் உட்பட்டுத்தான் கொடுக்கலாம். கொடுத்த பிறகும் சரியாக நடந்ததா என்று பார்க்கும் பொறுப்பு பதிவு பெற்ற நர்ஸான உங்களுடையதே.

தவறு நடந்தால் பிள்ளைகள் முன்னாலும் ஆசிரியர்கள் முன்னாலும் பேசாதீர்கள். வண்டியில் திரும்பும்போதும் வேண்டாம், டிரைவர் இருப்பார். அன்றே தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். 'நீங்க எப்பவும் இப்படித்தான்' என்பது தவறைத் திருத்தாது, ஆளைத்தான் விலக்கும்.

தடுப்பூசி நாளை எப்படித் திட்டமிடுவது?

ஒரு நர்ஸின் நிர்வாகத் திறன் முழுவதும் தெரியும் நாள் இது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2014இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. ஒன்பது வயது நிரம்பிய கிரேடு 4 பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், பின்னர் அது கிரேடு 5க்கு மாறியது. எந்தத் தடுப்பூசியானாலும் வேலையில் பாதி முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

சம்மதப் படிவம் மூன்று வாரம் முன்பே வீட்டுக்குப் போகட்டும். வகுப்பு ஆசிரியரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, திரும்பி வந்தவற்றை டிக் செய்யச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பு போய் வராதவற்றை மட்டும் கேளுங்கள். 'வேண்டாம்' என்று எழுதிய பெற்றோரையும் படிவமே தராத பெற்றோரையும் ஒன்றாகக் கருதாதீர்கள். முதலாமவருக்கு விளக்கம் தேவை, இரண்டாமவருக்குப் பெரும்பாலும் இன்னொரு படிவம்தான் தேவை.

தடுப்பூசியைக் கடைசிவரை குளிரிலேயே வைத்திருக்கும் குளிர்ச் சங்கிலி பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, 2 முதல் 8 டிகிரி. ஆனால் எப்போது மின்வெட்டு வரும் என்று சொல்ல முடியாத நாட்டில் கிளினிக் ஃபிரிட்ஜின் வெப்பநிலைத் தாளை யார் பார்க்கிறார், வார இறுதியில் கரன்ட் போனால் யாருக்குப் போன் வரும், தடுப்பூசியை எங்கே மாற்றுவது என்பது பெயரோடு எழுதிச் சுவரில் இருக்க வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஹாலில் வரிசையில் நிற்பவர்களுக்கு ஊசி போடும் இடம் தெரியக் கூடாது. ஒருத்தி மயங்கினால் பார்த்துக்கொண்டிருக்கும் நான்கு பேர் மயங்குவார்கள். உட்கார வைத்தே போடுங்கள், போட்ட பின் 15 நிமிடம் கண்காணிப்பில் உட்கார வைக்க ஒரு ஆளை நியமியுங்கள். அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளைக் கேட்டுப் பிரித்துவையுங்கள், பள்ளி உணவுத் திட்டத்தின் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களைக் கூப்பிடலாம். கடுமையான ஒவ்வாமை வந்தால் போடும் அட்ரினலின் எங்கே இருக்கிறது என்பது குழுவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர் வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு மறுக்கிறார்கள். வாதாடலாமா?

வாதாடாதீர்கள். பயத்தைக் கேளுங்கள். 'இது போட்டா பிள்ளை பிறக்காதாமே' என்று ஒரு தாய் கேட்டால் அவருக்கு மகள் மீதுள்ள அக்கறைதான் அந்தக் கேள்வி. பிள்ளைப் பேற்றைப் பாதிக்காது, பிற்காலத்தில் வரக்கூடிய புற்றுநோயைத் தடுக்கத்தான் போடுகிறோம் என்று அவருக்குப் புரியும் சொற்களில் சொல்லுங்கள், யோசிக்க நேரம் கொடுங்கள். கையெழுத்துப் போடும் ஆள் தாய் என்றாலும் வீட்டில் முடிவெடுப்பவர் ஆயாவாக இருக்கலாம். நம் குடும்பங்களில் ஆயா சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது.

பள்ளிக் கூட்டத்துக்கு வராத குடும்பங்கள் கோயிலுக்கு வரும். புரட்டாசிச் சனிக்கிழமை பூஜைக்குப் பிறகும், ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளிலும் ஐந்து நிமிடம் பேச கோயில் கமிட்டியிடம் அனுமதி கேளுங்கள். அதேபோலப் பக்கத்துத் தேவாலயத்திலும் மசூதியிலும் கேளுங்கள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே.

பிள்ளைக்கு என்ன நோய் என்று ஆசிரியர் கேட்கிறார். சொல்லலாமா?

நோயைச் சொல்லாதீர்கள், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். 'இவளை அடிக்கடி டாய்லெட் போக விடுங்கள், தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும்' என்பது ஆசிரியருக்குப் போதும். வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை போல உடனே உதவி தேவைப்படக்கூடியவற்றில் பெற்றோரின் அனுமதி வாங்கி, சம்பந்தப்பட்ட ஆசிரியருக்கு மட்டும் எழுத்தில் கொடுங்கள். எச்.ஐ.வி. பற்றி ஸ்டாஃப் ரூமில் ஒரு குறிப்புக்கூட வரக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது, உடல்நலத் தகவலுக்கு அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. உங்கள் பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம்.

குழந்தைகள் சட்டம், 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண், 129ஆம் பிரிவையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். 12 வயது தாண்டி, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் பக்குவமும் உள்ள பிள்ளை மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். கருத்தடை சம்பந்தமாக 134ஆம் பிரிவும் 12 வயதையே எல்லையாக வைக்கிறது. இது நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். வீட்டில் நமக்கு இருக்கும் கருத்தை சிக் ரூமுக்குள் கொண்டுவரக் கூடாது.

பிள்ளைக்கு வீட்டில் கொடுமை நடக்கிறது என்று சந்தேகம். குடும்பம் எங்களுக்குத் தெரிந்த குடும்பம். என்ன செய்வது?

தகவல் கொடுத்தே ஆக வேண்டும். மேலே சொன்ன குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு நர்ஸ், ஆசிரியர், டாக்டர், சமூகப் பணியாளர் எல்லார் மீதும் இந்தக் கடமையைச் சுமத்துகிறது. பிள்ளைக்குக் காயம் உண்டாகும்படியான துன்புறுத்தல், பாலியல் கொடுமை, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுதல் ஆகியவை நடந்திருப்பதாக நியாயமான காரணங்களோடு முடிவுக்கு வந்தால், படிவம் 22ஐ நிரப்பி சமூக மேம்பாட்டுத் துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாதபடி சட்டம் பாதுகாக்கிறது. பாலியல் குற்றமானால் காவல்துறைக்குத் தெரிவிப்பது தனிச் சட்டத்தின்படியும் கடமை.

சட்டத்தைச் சொல்லிவிடலாம், செய்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். நம் சமூகம் சின்னது. அந்த வீட்டு மாமா கோயில் கமிட்டியில் இருப்பார், அவர் மனைவி உங்கள் கல்யாணத்தில் ஆரத்தி எடுத்திருப்பார். 'குடும்ப மானம் போயிடும் சிஸ்டர், நாங்களே பேசித் தீத்துக்கறோம்' என்று வீட்டுக்கு வருவார்கள். பிரின்ஸிபல்கூட, பள்ளியின் பெயர் கெடும் என்று தயங்கலாம். அந்த நேரத்தில் உறுதியாக நிற்பதற்குத்தான் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்கிறேன். ஆண்டுத் தொடக்கத்திலேயே பிரின்ஸிபலோடு உட்கார்ந்து, இப்படி ஒன்று வந்தால் யார் படிவம் நிரப்புவது, எந்தச் சமூகப் பணியாளரைக் கூப்பிடுவது, பிள்ளை அன்றைக்கு எங்கே இருக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அது 'பள்ளியின் நடைமுறை' ஆகிறது, உங்கள் தனிப்பட்ட விரோதம் ஆவதில்லை. குடும்பத்தாரிடம் 'இது என் கையில் இல்லை, சட்டம்' என்று அமைதியாகச் சொல்லலாம்.

பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். அது சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதுங்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் தாங்களாகவே பேச, 1986இல் டர்பனில் தொடங்கிய சைல்டுலைன் அமைப்பின் 116 என்ற இலவச எண் இருக்கிறது, அதை டாய்லெட் கதவுகளின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அங்கேதான் ஒரு பிள்ளை யாரும் பார்க்காமல் படிக்க முடியும்.

அவசர நேரத்தில் தலைமை ஏற்பது எப்படி?

2024இன் கடைசி மாதங்களை நாம் மறக்க முடியாது. ஸ்பாஸா கடைகளில் (குடியிருப்புப் பகுதிச் சிறு கடைகளில்) வாங்கிய தின்பண்டங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட நச்சுச் சம்பவங்களில் பல பிள்ளைகள் இறந்தார்கள். சோவேட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகளின் மரணத்துக்குக் காரணம் டெர்புஃபாஸ் என்ற விவசாயப் பூச்சிக்கொல்லி என்று கண்டறியப்பட்டதை நவம்பரில் குடியரசுத் தலைவரே தொலைக்காட்சியில் அறிவித்தார். எலித் தொல்லைக்காக மக்கள் அந்த நஞ்சைத் தெருவில் வாங்கிப் பயன்படுத்தி வந்தார்கள்.

அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் வாந்தி எடுத்து, எச்சில் வழிய, வியர்த்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சுத் திணறினால் நீங்கள் பிள்ளையை விட்டு நகரக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்ய வேண்டும். பெயர் சொல்லி, ஒருவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பிரின்ஸிபல் 10177க்கோ செல்போனிலிருந்து 112க்கோ அழைக்கட்டும். ஓர் ஆசிரியர் அதே தின்பண்டத்தைச் சாப்பிட்ட மற்ற பிள்ளைகளைத் தேடட்டும். ஒருவர் கையுறை போட்டு மிச்சத்தையும் பாக்கெட்டையும் எடுத்து வைக்கட்டும். ஒருவர் கேட்டில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும். 'யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க' என்று கத்தினால் எல்லாரும் இன்னொருவர் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள்.

டெர்முக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நம் பகுதியில் இதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

சிக் ரூமுக்குப் பணம் கேட்டால் கிடைப்பதில்லை.

கேட்கும் காலம் முக்கியம். தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி கவர்னிங் பாடி ஆண்டுதோறும் பட்ஜெட் தயாரித்து, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு கூடும் பெற்றோர் பொதுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் அந்தக் கூட்டம் நடந்த பிறகு நீங்கள் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் கருவி) கேட்டால் பட்ஜெட்டில் இடமே இருக்காது. ஆகஸ்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: சென்ற ஆண்டு எதற்காக எத்தனை பேர் வந்தார்கள், எது பற்றாக்குறையானது, விலை என்ன, வாங்காவிட்டால் என்ன ஆபத்து.

கவர்னிங் பாடியில் பெற்றோரே பெரும்பான்மை என்பதை நினைவில் வையுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு சுகாதாரக் குழு அமைக்கச் சொல்லி அதில் உட்காருங்கள். டக்‌ஷாப்பில் சர்க்கரைப் பானம் விற்பதை நிறுத்துவது போன்ற வேலையை அங்கிருந்துதான் தொடங்க முடியும். சர்க்கரை நோய் நம் வீடுகளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

கூட்டத்தில் பேச எனக்குத் தயக்கம்.

பேசுவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கோரிக்கை, அதற்கு ஓர் எண், ஓர் எடுத்துக்காட்டு போதும். கூட்டம் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் ஒரு சின்னக் கேள்வியாவது கேட்டுவிட்டால் பிறகு வாய் திறக்க எளிதாகும். முடிவானதை அன்றே இரண்டு வரியில் எல்லாருக்கும் மின்னஞ்சல் செய்யுங்கள். எழுதாத முடிவு அடுத்த கூட்டத்தில் மறைந்துபோகும்.

ஜூலு கற்க வேண்டுமா?

கட்டாயம். சாட்ஸ்வொர்த் பள்ளிகளிலும் இன்று ஜூலு பேசும் பிள்ளைகள் ஏராளம். 'சனிபோனானி' (வணக்கம்) என்று வகுப்புக்குள் நுழைவதோடு நிற்காமல், எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் அந்தரங்க வலியை இன்னொரு பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

மேற்படிப்பு எது உதவும்?

சுகாதாரச் சேவை மேலாண்மையில் முதுநிலை டிப்ளமோவும், ஆரம்ப சுகாதாரத்தில் சிறப்புப் படிப்பும் இந்த வேலைக்குப் பொருந்தும். சேரும் முன் அந்த நிறுவனத்துக்கு நர்ஸிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலிடமே உறுதி செய்யுங்கள், பணம் கட்டிய பிறகு அல்ல. படிப்புக்குப் போக முடியாதவர்கள் பக்கத்து மாவட்டத்தில் நன்றாக நடக்கும் ஒரு குழுவோடு ஒரு நாள் கூடப் போய் வாருங்கள். அதிலும் நிறையக் கற்கலாம்.

நான் வேறு இடத்துக்கு மாறுகிறேன். எதை விட்டுச் செல்ல வேண்டும்?

ஒரு கோப்பு. முதல் பக்கத்தில் சிகிச்சை இன்னும் முடியாத பிள்ளைகளின் பட்டியல், ஒவ்வொருவருக்கும் அடுத்து செய்ய வேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள். அடுத்து தகவல் கொடுத்து நிலுவையில் இருக்கும் பாதுகாப்பு விவகாரங்கள், அவை தனி உறையில், அடுத்த நர்ஸின் கையில் நேரடியாக. பிறகு ஒவ்வொரு பள்ளியிலும் உண்மையில் உதவும் ஆள் யார் என்ற குறிப்பு. அது பல பள்ளிகளில் செக்ரட்டரியாகவோ கேட் காவலராகவோ இருக்கும், பிரின்ஸிபலாக இருக்காது. சாவி, கடவுச்சொல், ஃபிரிட்ஜ் வெப்பநிலைத் தாள், இன்னும் திரும்பி வராத சம்மதப் படிவங்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் புதிய சிஸ்டரை ஒருமுறை எல்லாப் பள்ளிகளுக்கும் கூட்டிப் போங்கள். உங்களுக்கு ஆண்டுகள் எடுத்த அறிமுகம் அவருக்கு ஒரு வாரத்தில் கிடைத்துவிடும், முதல் பக்கத்திலுள்ள பிள்ளைகள் காத்திருக்க வேண்டியிருக்காது.